யாரும் சேர்த்துக்கொள்ளாத எட்டுப் பையன்களும் ஒரு முக்கோணப் பாயும்: ‘பிரதர்பேண்ட்’ முதல் பாகம்

பதின்ம வயதுப் பிள்ளைக்கு வைக்கிங்குகளின் (வட ஐரோப்பாவின் பழங்காலக் கடலோடிகள்) சாயல் உள்ள சாகசக் கதை ஒன்று வாங்கித் தர வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது ஜான் ஃப்ளானகன் எழுதிய ‘பிரதர்பேண்ட்’ வரிசையின் முதல் பாகம். அதன் பெயர் ‘தி அவுட்காஸ்ட்ஸ்’. 2011இல் வந்த நாவல். இதைவிட அழகாக எழுதப்பட்டவை உண்டு, இதைவிட ஆழமானவையும் உண்டு. ஆனால் நட்பு எப்படி உருவாகிறது என்பதை இவ்வளவு பொறுமையாக, கயிறு, பலகை, துடுப்பு, சமையல் பானை என்று கையில் பிடிக்கக்கூடிய பொருள்களை வைத்தே சொல்லும் இன்னொரு புத்தகம் இந்த வயதினருக்கான கதைகளில் என் கண்ணில் பட்டதில்லை.

ஃப்ளானகன் ஆஸ்திரேலியாக்காரர். விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர், தொலைக்காட்சிக்கும் எழுதியவர். வாசிப்பில் ஆர்வமே இல்லாத தன் பன்னிரண்டு வயது மகனை எப்படியாவது படிக்க வைக்க வேண்டும் என்று வாரம் ஒன்றாகச் சிறுகதைகள் எழுத ஆரம்பித்தார். அந்தப் பையன் கூட்டாளிகளைவிட உருவத்தில் சிறியவன். ஆகவே ஆள் பெரியவனாக இருந்தால்தான் வீரன் என்று இல்லை என்று காட்டும் கதைகளாகவே அவை இருந்தன. அதிலிருந்துதான் 2004இல் ‘ரேஞ்சர்ஸ் அப்ரெண்டிஸ்’ வரிசை தொடங்கியது. அந்த உலகத்திலேயே வடக்கே இருக்கும் கடலோடிகளின் நாடு ஸ்காண்டியா. ‘பிரதர்பேண்ட்’ அந்த நாட்டுக் கதை. பழைய வரிசையைப் படிக்காமலே இதற்குள் நேராக நுழையலாம், எதுவும் குறையாது. ஸ்காண்டியாவின் தலைவர் எராக் அங்கிருந்து வருகிறவர். படித்தவர்களுக்கு அவரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம், படிக்காதவர்களுக்குச் சத்தமாகப் பேசும் ஒரு பெரிய மனிதர், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதை இதுதான். ஹால் என்ற பையன். அப்பா மிக்கெல் ஸ்காண்டியாவில் பேர்பெற்ற கடலோடி, ஒரு கொள்ளைப் பயணத்தில் ஈட்டி பாய்ந்து இறந்துபோகிறார். அம்மா கரீனா அராலுவன் என்ற நாட்டிலிருந்து அடிமையாகப் பிடித்து வரப்பட்டவள். மிக்கெல் அவளை விடுவித்துக் கல்யாணம் செய்துகொண்டார், இப்போது ஹல்லஸ்ஹோம் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். ஆக ஊருக்கு ஹால் பாதி அந்நியன். அவன் நண்பன் ஸ்டிக்கின் கதை வேறு மாதிரி. அவன் அப்பா உடன் பயணித்தவர்களிடமே திருடிவிட்டு ஓடிப்போனவர், அம்மா ஊரார் துணியைத் துவைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறாள். ஸ்டிக்குக்கு மூக்கு நுனியில் கோபம். இரண்டு பேரையும் ஊர் ஓரமாகத்தான் வைத்திருக்கிறது, அதனாலேயே இரண்டு பேரும் ஒன்றாகத் திரிகிறார்கள்.

அந்த ஊரில் பையன்கள் வளர்ந்து வரும்போது குழுவாகப் பிரிந்து சில மாதம் கடுமையான பயிற்சி எடுக்க வேண்டும். கடலோட்டம், ஆயுதம், மல்யுத்தம், திசையறிதல் எல்லாம் உண்டு. அந்தக் குழுவுக்குத்தான் பிரதர்பேண்ட் என்று பெயர். குழு பிரிக்கும் காட்சி இருக்கிறதே, அதைப் பள்ளிக்கூட மைதானத்தில் நின்ற யாரும் மறக்கமாட்டார்கள். ஊரின் செல்வாக்கான பையன்கள் இரண்டு பேர், டர்ஸ்குட், ராலண்ட், மாறிமாறி ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடக் கூப்பிட மிச்சம் இருப்பவர்களின் முகம் ஒவ்வொன்றாக இறங்குகிறது. கடைசியில் யாரும் கூப்பிடாமல் நிற்கும் எட்டுப் பேரையும் சேர்த்து மூன்றாவது குழு என்று அறிவித்துவிடுகிறார்கள். மற்ற இரண்டு குழுக்களிலும் ஆள் கூட, பலமும் கூட. இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர் ஹெரான்ஸ், அதாவது நாரைகள்.

இங்கே ஃப்ளானகன் செய்யும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த எட்டுப் பேரும் பார்த்த உடனே ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து உயிர்த்தோழர்கள் ஆவதில்லை. ஒருவனுக்கு இன்னொருவனைப் பிடிக்கக்கூட இல்லை. முதல் வேலையே தங்கும் குடிசையைத் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும் என்பது. யார் மரம் வெட்டுவது, யார் கூரை போடுவது, யாருக்கு எது வரும் எது வராது என்று பார்த்துப் பார்த்துத்தான் பழக ஆரம்பிக்கிறார்கள். இங்வார் மலை மாதிரி உடம்புக்காரன், ஆனால் கொஞ்ச தூரத்தில் நிற்பவனின் முகம்கூடத் தெரியாத அளவுக்குக் கிட்டப்பார்வை. ஜெஸ்பருக்குக் கை நீளம், பூட்டு எதுவும் அவனுக்குப் பூட்டு இல்லை. ஸ்டீஃபன் யார் குரலையும் அப்படியே எடுப்பான். எட்வின் புத்தகம் படிக்கிறவன், அதனால் அவன் எதற்கும் உதவமாட்டான் என்பது ஊர் முடிவு. உல்ஃப், வுல்ஃப் இரட்டையர், யார் எவன் என்று யாருக்கும் தெரியாது, விடிந்ததிலிருந்து அடைகிறவரை சண்டை. இவர்களில் யாருடைய குறையும் கதை முடியும்போது காணாமல் போவதில்லை. இங்வாருக்குப் பார்வை திரும்புவதில்லை, இரட்டையர் சண்டையை நிறுத்துவதில்லை. குறை இருக்கிறபடியே இருக்க, அந்த ஆளுக்குச் சரியான இடம் எது என்று இன்னொருவன் கண்டுபிடித்துத் தருகிறான். அதை ஹால் செய்கிறான். அவன் தலைவனாக ஆவதும் அதனால்தான். வாளெடுத்துச் சுற்றுவதில் அவன் முதல் ஆள் இல்லை, குழுத் தலைவன் ஆகவே தயங்குகிறவன்.

நண்பர்கள் என்றால் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பது என்று நிறைய கதைகள் சொல்லிவிட்டன. இங்கே உயிரைக் கொடுக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் ஒருவருக்காக ஒருவர் துடுப்புப் போட்டு, ஒருவன் பிடித்த கயிற்றை அடுத்தவன் விடாமல் வாங்கி, ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் காவல் நின்று, இவ்வளவும் நடந்திருக்கிறது. அதனால் கடைசியில் ஆபத்து வரும்போது அவர்கள் ஒன்றாக நிற்பது நமக்கு ஆச்சரியமாக இல்லை, வேறு எப்படி நிற்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.

சரி, இப்போது தார்ன். என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்தின் இதயம் எட்டுப் பையன்களிடம் இல்லை, இந்தக் கிழவரிடம் இருக்கிறது. தார்ன் ஒரு காலத்தில் ஸ்காண்டியாவின் தலைசிறந்த வீரன் என்ற பட்டத்தைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர், ஹாலின் அப்பாவுக்கு நெருங்கிய நண்பர். மிக்கெல் சாகும்போது என் மனைவியையும் மகனையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறார். அதன் பிறகு ஒரு கப்பல் விபத்தில் தார்னின் வலது கை போய்விடுகிறது. கை போனதும் எல்லாமே போய்விட்டது என்று குடியில் விழுகிறார். கிழிந்த துணியும் நாற்றமுமாக ஊர் சுற்றுகிறார். பனியில் விழுந்து கிடந்தவரைக் கரீனா கண்டெடுத்து, நீ ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிறாள். பரிதாபப்பட்டுச் சோறு போடும் பேச்சு அவளிடம் இல்லை, கொடுத்த வாக்கைத் திரும்பக் கேட்கிறாள். அந்த ஒரு இடத்தில் கரீனாவின் மேல் எனக்கு வந்த மரியாதை புத்தகம் முடியும்வரை குறையவே இல்லை.

அப்புறம் ஹால் தார்னுக்கு மரத்தில் ஒரு செயற்கைக் கை செய்து தருகிறான், கொக்கி வைத்தது, பொருள்களைப் பிடிக்கக்கூடியது. பத்துப் பக்கத்துக்கு அழுகையும் வசனமுமாக இழுத்திருக்கலாம். ஃப்ளானகன் அப்படிச் செய்யவில்லை. பட்டை எங்கே கட்டுவது, பிடி எப்படி இறுகும், எதை எடுக்கலாம் எதை எடுக்க முடியாது என்று இரண்டு தச்சர்கள் பேசிக்கொள்வது போலவே கொண்டு போகிறார். அதுதான் நெஞ்சை அடைக்கிறது. அப்பா இல்லாத பையனும் நண்பனை இழந்த கிழவரும் ஒருவரை ஒருவர் சரிசெய்கிறார்கள் என்று எங்கேயும் எழுதாமலே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வயது வித்தியாசம் பார்க்காத நட்பை இந்த வகைக் கதைகளில் பெரும்பாலும் ‘குருவும் சீடனும்’ என்று ஆக்கிவிடுவார்கள். தார்ன் ஹாலுக்குக் குருவாகவும் இருக்கிறார்தான், ஆனால் அவனிடம் திட்டு வாங்குகிறவராகவும் இருக்கிறார்.

என் அக்கா மகனிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தேன். கைப்பேசியை விட்டு நகராத வயது அவனுக்கு. பாதியில் வந்து என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “மாமா, தார்ன் திரும்பக் குடிச்சிருவாரா?” யார் ஜெயிப்பார்கள், கொள்ளைக்காரன் மாட்டுவானா என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. ஒரு பதின்மூன்று வயதுப் பையனை ஒரு கிழவருக்காகக் கவலைப்பட வைத்த கதையை எப்படிக் குறைத்துச் சொல்வது?

இனி கப்பல். கப்பல் பிடிக்காதவர்களுக்கு இந்தப் புத்தகத்தில் கொஞ்சம் கஷ்டம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை தொடங்குவதற்கு முன்பே பாய், கயிறு, காற்றுப் பக்கம் பற்றிய சொற்களுக்கு ஒரு விளக்கப் பகுதி இருக்கிறது. அதைத் தாண்டிவிடாமல் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள், பின்னால் நிறைய உதவும்.

வைக்கிங் கப்பல்களில் இருந்தது ஒரே ஒரு சதுரப் பாய். காற்று பின்னாலிருந்து வீசினால் அதற்கு ஈடே கிடையாது. காற்றுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்றால்தான் சிக்கல், பாயின் முன் விளிம்பு இறுக்கமாக நிற்காது, கப்பல் பக்கவாட்டில் நழுவும், கடைசியில் துடுப்பை எடுக்க வேண்டியதுதான். ஹால் தன் சின்னக் கப்பலுக்கு முக்கோணப் பாய் வைக்கிறான். முக்கோணப் பாய் உலகத்துக்குப் புதிது இல்லை, மத்தியதரைக் கடலிலும் அரபிக் கடலிலும் நூற்றாண்டுகளாக இருந்தது, நம் கடற்கரையில் கட்டுமரத்துக்கும் கட்டியதுதான். ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. கப்பல் திரும்பும்போது பாயைத் தாங்கும் அந்த நீளமான மரக்கழியைப் பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டு போக வேண்டும். ஹாலின் யோசனை, இரண்டு கழி, இரண்டு பாய். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுகிறது, கப்பல் திரும்பிய சில நொடிகளில் புதுப் பாய் காற்றைப் பிடித்துவிடுகிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், இந்த ஏற்பாடு வேலை செய்ய இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே நேரத்தில் கயிற்றை இழுக்க வேண்டும், ஒருவன் அரை நொடி பிந்தினாலும் பாய் படபடத்துக் கப்பல் நின்றுவிடும். அந்த வேலையைச் செய்வது யார்? எந்நேரமும் அடித்துக்கொள்ளும் அந்த இரட்டையர்கள். தரையில் ஒரு வார்த்தைகூட ஒத்துப்போகாதவர்கள் கயிறு கையில் வந்ததும் சொல்லாமலே ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். கப்பலில் சண்டை போடக் கூடாது என்று ஹால் சட்டம் போட்டு, மீறினால் இங்வார் தூக்கிக் கடலில் போடுவான் என்ற நிலைமை பின்னால் வருகிறது, அது இந்த வரிசை முழுக்கச் சிரிக்க வைக்கும் சங்கதி. கப்பலின் தொழில்நுட்பத்தையும் பாத்திரங்களின் குணத்தையும் இப்படி ஒரே முடிச்சில் கட்டியதற்காகவே ஃப்ளானகனுக்குப் பாராட்டுச் சொல்ல வேண்டும்.

‘ஃபேண்டஸி’ என்று அட்டையைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இதில் மந்திரம் இல்லை, டிராகன் இல்லை, ஓடின், தோர் என்ற வைக்கிங் தெய்வங்களும் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வதற்கென்று கோர்லாக் மாதிரி சில கற்பனைத் தெய்வப் பெயர்கள் உண்டு, அதற்கு மேல் தெய்வம் கதைக்குள் வராது. நார்ஸ் புராணம் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எல்லாப் பிரச்சினையையும் கையாலும் மூளையாலும்தான் தீர்க்க வேண்டும் என்று ஆகிவிடுவதால், ஒரு மந்திரக்கோல் வந்து கதையைக் காப்பாற்றும் வழியே ஆசிரியருக்கு இல்லாமல் போகிறது.

உண்மையான வைக்கிங்குகளிடம் இப்படி ஒரு நட்பு இருந்ததா என்று தேடிப் பார்த்தபோது கிடைத்தது என்னை அசத்திவிட்டது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, ரூன் எழுத்தில் செதுக்கியது. அசுர் சாக்ஸி என்ற மனிதனுக்காக அவன் கூட்டாளிகள் மூன்று பேர் நட்ட கல் அது. அவன் நல்லவன், துரோகம் அறியாதவன் என்று புகழ்ந்துவிட்டு, ஆர்னி என்பவனோடு சேர்ந்து ஒரு கப்பல் வைத்திருந்தான் என்பதையும் செதுக்கியிருக்கிறார்கள். நட்டவர்கள் தங்களைச் சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை, கூட்டாளிகள் என்றே சொல்கிறார்கள். கப்பல், பயணம், லாபம், நஷ்டம் எல்லாவற்றையும் பங்கு போட்டவர்கள். ஆயிரம் வருஷம் கழித்து ஒருவனைப் பற்றி நமக்குத் தெரிவது அவன் நல்ல கூட்டாளி, பங்குக்கு ஒரு கப்பல் வைத்திருந்தான் என்பது மட்டும்தான். ஃப்ளானகன் இந்தக் கல்லைப் பார்த்தாரா என்பது நமக்கு வேண்டாம், அவர் எழுதிய நட்பு அந்தக் கல்லில் இருக்கும் நட்புதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டென்மார்க்கின் ரோஸ்கில்டே கடற்கழியில் பதினோராம் நூற்றாண்டில் வழியை அடைக்க மூழ்கடித்த ஐந்து கப்பல்களை 1962இல் தோண்டி எடுத்தார்கள். அதில் மிக நீளமான போர்க்கப்பல் டப்ளின் பக்கத்தில் 1042 வாக்கில் கட்டியது என்று மர வளையங்களை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதே மாதிரி ஒரு கப்பலைப் புதிதாகக் கட்டி 2007இல் ரோஸ்கில்டேயிலிருந்து டப்ளினுக்கு ஓட்டிப் போனார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள், மேலே கூரை இல்லாத கப்பலில், மழையிலும் குளிரிலும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு. பிரதர்பேண்ட் என்ற அமைப்பு கற்பனைதான், ஆனால் அப்படி ஒரு கப்பலில் போக வேண்டும் என்றால் அந்த மாதிரிப் பழக்கம் இல்லாமல் முடியாது.

கொம்பு வைத்த தலைக்கவசம் மட்டும் சரித்திரத்துக்கு ஒவ்வாதது. ஸ்காண்டியர்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள், நிஜ வைக்கிங்குகள் போடவில்லை. 1876இல் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் வைத்த கொம்புதான் உலகத்தின் மனதில் நின்றுவிட்டது. கற்பனை நாடு என்பதால் இதை மன்னிக்கலாம்.

மன்னிக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது அடிமை விஷயம். கரீனா அடிமையாகப் பிடித்து வரப்பட்டவள் என்பதை ஆசிரியர் சொல்கிறார், சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துபோகிறார். மிக்கெல் நல்லவர், விடுவித்தார், மணந்தார், சரி. ஆனால் அவளுக்கு ஊர் என்று ஒன்று இருந்திருக்கும், அம்மா இருந்திருப்பாள். அதைப் பற்றி ஒரு பக்கமாவது அவள் பேசியிருக்கலாம். நிஜத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஐஸ்லாந்து மக்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அப்பா வழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா என்றும் அம்மா வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்து வேர் என்றும் கண்டார்கள். எல்லாரும் அடிமைகளாக வந்தவர்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் நிறையப் பேர் விரும்பி ஏறியிருக்க மாட்டார்கள். அப்படிப் பார்த்தால் ஹால் மாதிரிப் பாதி அந்நியப் பிள்ளைகள் அந்தக் காலத்து வடக்குக் கடலோரம் முழுக்க இருந்திருப்பார்கள். இவ்வளவு கனமான ஒன்றை டர்ஸ்குட்டின் கேலிக்குக் காரணமாக மட்டும் பயன்படுத்தியது வீண்.

பெண்கள் என்றால் முதல் பாகத்தில் கரீனா மட்டும்தான் சொல்லும்படி இருக்கிறாள். இது பெரிய ஓட்டை. இத்தனை பக்கம் பாயைப் பற்றி எழுதுகிற ஒருவர், வைக்கிங் பாய் என்பது கம்பளி, அதை நூற்று நெய்தது பெண்கள், ஒரு கப்பலின் பாய்க்குப் போன உழைப்பு கப்பலின் உடலைக் கட்டுவதைவிடக் குறைவில்லை என்பதிலிருந்து ஒரு பெண்ணைக் கதைக்குள் எளிதாகக் கொண்டு வந்திருக்கலாம். இரண்டாம் பாகத்தில் லிடியா வருகிறாள், எறிகோல் வைத்து ஈட்டி எறிவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவள் வந்த பிறகு கப்பலே களைகட்டுகிறது. அவள் முதலிலேயே வந்திருக்க வேண்டும்.

வில்லன்கள் பலவீனம். டர்ஸ்குட் கெட்டவன், ஏன் கெட்டவன் என்றால் கெட்டவன். ஸ்காண்டியர்கள் உயிராகப் போற்றும் அம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) கோளம் ஆண்டோமால், அதைத் திருட வரும் கடற்கொள்ளைக்காரன் ஜாவக்கும் அப்படியே. எட்டுப் பையன்களுக்கு எட்டு முகம் கொடுக்கத் தெரிந்தவருக்கு இவர்களுக்கு ஒரு நல்ல காரணம் கொடுப்பதா கஷ்டம்? இன்னொரு உறுத்தல், ஒரு காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் மனதிலிருந்து இன்னொருவன் மனதுக்கு எழுத்து தாவிவிடும், சிரிப்பு வந்த இடத்தில் ஏன் சிரிப்பு வந்தது என்று ஒரு வரி விளக்கமும் வரும். பெரியவர்களுக்கு இது தட்டும், பதின்மூன்று வயதுக்குத் தட்டாது. நடுவில் பயிற்சிப் போட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் அத்தியாயங்களில் ஒன்றிரண்டைக் குறைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தப் போட்டிகளுக்குப் பிறகு கதை எடுக்கும் திருப்பம் உண்மையிலேயே துணிச்சலானது. (முழுதாகச் சொல்லமாட்டேன், கொஞ்சம் சொல்லாமல் இருக்கவும் முடியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

யாரும் சேர்க்காத பையன்கள் ஜெயித்தார்கள், ஊர் கைதட்டியது என்று முடித்திருந்தால் அது நாம் எல்லாரும் பார்த்துப் பழகிய கதை. இங்கே அவர்கள் ஜெயிக்கிறார்கள், ஜெயித்ததற்குக் கிடைக்கும் கௌரவமே ஆண்டோமாலைக் காவல் காக்கும் பொறுப்பு, அந்தக் காவலில் தவறுகிறார்கள். பெயர், பட்டம், கப்பல் எல்லாம் பறிபோகிறது. அவர்கள் வென்றதையும் அவமானத்தையும் இவ்வளவு பக்கத்தில் வைத்ததால், அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றாக எடுக்கும் முடிவுக்கு எடை கூடுகிறது. ஜெயித்தபோது சேர்ந்திருந்தவர்கள் தோற்றபோதும் சேர்ந்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வியாகிறது. யார் மேல் பழி போடலாம் என்று ஒருவன்கூட ஆரம்பிப்பதில்லை. ஹால்தான் தலைவன், எல்லாரும் அவனைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. இந்த இடத்தில் ஃப்ளானகன் பெரிய வசனம் எதுவும் வைக்காதது எனக்குப் பிடித்தது.

மொழி எளிது. ஆங்கிலத்தில் எட்டாம் வகுப்புப் பாடம் தடங்கல் இல்லாமல் படிக்கும் பிள்ளையால் இதைப் படிக்க முடியும், கப்பல் சொற்கள்தான் முதலில் மிரட்டும், இரண்டு கடல் காட்சி தாண்டினால் பழகிவிடும். வன்முறை உண்டு, ஆள் சாகிறார்கள், ஆனால் ரத்தத்தை வர்ணித்துக்கொண்டு நிற்பதில்லை. காதல் இந்தப் பாகத்தில் இல்லை என்றே சொல்லலாம். பதினொன்று, பன்னிரண்டு வயதிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம். பெரிய புத்தகமாகத் தெரிகிறதே என்று பயப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள், அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, ஒவ்வொன்றும் அடுத்ததைப் புரட்டச் சொல்லித்தான் முடியும்.

வாங்குவதாக இருந்தால் முதல் மூன்று பாகங்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் கதையை முடிப்பதில்லை, கடலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. ஆண்டோமாலைத் தேடிப் போகும் கதை 2012இல் வந்த ‘தி இன்வேடர்ஸ்’, ‘தி ஹண்டர்ஸ்’ இரண்டையும் சேர்த்தால்தான் முழுசாகும். நான்காம் பாகத்திலிருந்து பெரும்பாலும் தனித்தனிப் பயணங்கள், வரிசை தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. மூன்றும் ஒரே சமயத்தில் கிடைக்கவில்லை என்றால் முதலாவதை வாங்கும்போதே இரண்டாவதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், ஏனென்றால் முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்த பிள்ளை அன்று ராத்திரியே அடுத்தது எங்கே என்று கேட்கும்.